நான்கு பெயர்ப் பலகைகள் போட்டி ஆகிவிடுமா? உங்கள் வட்டத்தின் செல்பேசிச் சந்தையை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

கடையில் நான்கு கம்பெனிகளின் சிம் கார்டு கிடைக்கிறது, அதனால் போட்டி இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். நான் தொலைபேசி இணைப்பகத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு நுகர்வோர் அமைப்பின் தன்னார்வலர்களுக்குத் தொலைத்தொடர்பு விவகாரங்களைச் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களிடம் முதல் நாளே நான் சொல்வது இதுதான்: கம்பெனிகளை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். புதிதாக ஒருவர் சந்தைக்குள் வர முடிகிறதா, வந்தவரின் அழைப்பு மற்றவர்களின் வலையமைப்பில் போய்ச் சேருகிறதா, பிடிக்காத வாடிக்கையாளர் தன் எண்ணோடு வெளியேற முடிகிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் போட்டியைப் பற்றிப் பேச முடியும்.

இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், பெருக்கல் கூட்டல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் அறிக்கைகள், கொஞ்சம் பொறுமை, இவை போதும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு 1994ஆம் ஆண்டைக் காட்டுவேன். அந்த ஆண்டு வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தானே ஒப்புக்கொண்ட கணக்கு: நாட்டில் நூறு பேருக்கு 0.8 தொலைபேசி. சுமார் 80 லட்சம் இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் சுமார் 25 லட்சம் பேர். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் எஸ்.டி.டி. எனப்படும் வெளியூர் அழைப்பின் கட்டணம் கால் பங்காகும் என்று மஞ்சள் பலகை மாட்டிய பூத்துகளின் வாசலில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த நிலையிலிருந்து இன்று 115 கோடிக்கும் அதிகமான செல்பேசி இணைப்புகளுக்கு நாம் வந்திருப்பதற்குப் போட்டி பெரும் காரணம். அது கைநழுவினால் முதலில் பாதிக்கப்படுவது மாதம் இருநூறு ரூபாய் ரீசார்ஜுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பம்.

எல்லையை முடிவு செய்யுங்கள்

இந்தியா 22 உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழக்கத்தில் நாம் வட்டம் என்போம். முன்பு சென்னை தனி வட்டமாக இருந்தது. இப்போது அது தமிழ்நாடு வட்டத்துக்குள், புதுச்சேரியும் அதற்குள்ளேயே. அகில இந்திய சதவீதத்தை வைத்து உங்கள் ஊரை எடைபோட வேண்டாம். நாடு முழுவதும் வலுவாக இருக்கும் நிறுவனம் ஒரு வட்டத்தில் மூன்றாம் இடத்தில் இருக்கலாம். கிராமமா நகரமா என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நிறுவனங்கள் உள்ள வட்டத்தில் ஒரே நிறுவனத்தின் சிக்னல் மட்டும் எட்டும் மலைக்கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்காரருக்கு அது போட்டிச் சந்தை ஆகாது.

எண்களைத் திரட்டுங்கள்

டிராய் மாதந்தோறும் சந்தாதாரர் விவரத்தை வெளியிடுகிறது. காலாண்டுக்கு ஒரு முறை செயல்திறன் அறிக்கை ஒன்றும் வருகிறது. இரண்டையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வட்டத்துக்கான வரிசையைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று எண்களை எடுத்தெழுதுங்கள்.

முதலாவது, மொத்த இணைப்புகள். இரண்டாவது, வி.எல்.ஆர். எண்ணிக்கை: உண்மையிலேயே வலையமைப்பில் பதிவாகி உயிரோடு இருக்கும் சிம்கள். இழுப்பறையில் தூங்கும் இரண்டாவது சிம் முதல் கணக்கில் இருக்கும், இரண்டாவதில் இராது. ஒரு நிறுவனத்தின் இந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் அதன் வாடிக்கையாளர்கள் மனத்தளவில் போய்விட்டார்கள் என்று பொருள். மூன்றாவது, ஏ.ஜி.ஆர். எனப்படும் சரிக்கட்டிய மொத்த வருவாய். இது காலாண்டு வருவாய் விவரங்களில் கிடைக்கும். மூன்றில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். யாரிடம் பணம் போகிறது என்பதை அது மறைக்காது. மின்சார மீட்டருக்குள்ளும் வாகனங்களுக்குள்ளும் இருக்கும் இயந்திர சிம்களை அறிக்கை தனியே காட்டும். அவற்றை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது, சந்தை எவ்வளவு சில கைகளில் குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபிண்டால் குறியீட்டைப் போடலாம். பெயர்தான் கடினம். ஒவ்வொரு நிறுவனத்தின் சதவீதத்தையும் அதே எண்ணால் பெருக்கி, கிடைத்த விடைகளைக் கூட்டினால் முடிந்தது. அகில இந்தியச் செல்பேசிச் சந்தையின் சமீபத்திய நிலையைத் தோராயமாக ஜியோ 40, ஏர்டெல் 34, வோடஃபோன் ஐடியா 18, பி.எஸ்.என்.எல். 8 என்று வைத்துக்கொள்வோம். 1,600, 1,156, 324, 64. கூட்டினால் 3,144. ஒரே நிறுவனம் சந்தை முழுவதையும் வைத்திருந்தால் 10,000 வரும். நான்கு பேரும் சமமாக இருந்தால் 2,500 வரும். நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்வது பற்றிய அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 1,800ஐத் தாண்டினாலே மிகவும் செறிவான சந்தை என்கின்றன. உங்கள் வட்டத்துக்குக் கணக்கிட்டு, பக்கத்தில் தேதியைப் போடுங்கள். ஒரு மாதத்தின் எண்ணைப் பார்த்து ஆத்திரப்படுவதில் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளின் எண்களை வரிசையாக எழுதினால்தான் சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

இந்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2010 வாக்கில் பல வட்டங்களில் பத்து நிறுவனங்களுக்கு மேல் இருந்தன. குறியீடு மிகக் குறைவு. ஆனால் அவற்றில் பல, சில ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் போயின. ஆகவே அடுத்த படி அவசியம்.

யார், எந்த விலைக்கு உள்ளே வர முடிந்தது?

இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும். அது தெரியாமல் இன்றைய சந்தையைப் படிக்க முடியாது.

1995 ஜூலை 31 அன்று அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். அதுதான் நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு. அப்போதைய கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வருகிற அழைப்புக்கும் காசு. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் தரப்பட்டது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார். அரசின் ஏகபோகம் போய், உயர்ந்த கட்டணத்தில் இருவர் பங்குபோட்டுக்கொண்ட சந்தை வந்தது. அதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வட்டங்களுக்கான ஏலத்தில் கேட்ட தொகைகள் தாங்க முடியாதவை. உரிமக் கட்டணம் நிலையான தொகையாக இருந்ததால், வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். பல நிறுவனங்களால் முடியவில்லை. 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை அதை வருவாய்ப் பங்கீடாக மாற்றியது. அதற்கு ஈடாக, தங்கள் பகுதியில் இருவர் மட்டுமே என்ற சலுகையை அந்த நிறுவனங்கள் விட்டுக்கொடுத்தன. அரசு நிறுவனம் மூன்றாவதாக வந்தது. 2001இல் நான்காவது உரிமம் ஏலம் போனது. நூறு பேருக்கு 2005இல் 7 தொலைபேசி, 2010இல் 15 என்பது அந்தக் கொள்கையின் இலக்கு. உண்மையில் 2010இல் நூறு பேருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கதவு எந்த ஆண்டு திறந்தது, விலை எந்த ஆண்டு விழுந்தது என்று இரண்டு நெடுவரிசைகளாக எழுதிப் பாருங்கள். 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். தனி நிறுவனமானது. அதே ஆண்டு தேசியத் தொலைதூர அழைப்புச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்தது. இந்தத் தேதிகளுக்குப் பின்னால் எஸ்.டி.டி.யும் ஐ.எஸ்.டி.யும் சரிந்த சரிவை நடுவயதைத் தாண்டிய எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தபோது, நிமிடக் கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சில மாதங்களில் நொடிக் கணக்குக்கு இறங்கி வந்தார்கள். புதிதாக வருகிறவர் சந்தைக்குச் செய்கிற நன்மை இப்படித்தான் தெரியும். வந்தவர் வென்றாரா என்பது வேறு கேள்வி. டாடாவின் செல்பேசி வணிகம் 2019இல் ஏர்டெல்லோடு சேர்ந்துவிட்டது.

அலைக்கற்றை இல்லாமல் உரிமம் வெறும் காகிதம். 2008 ஜனவரியில் முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில், 2001ஆம் ஆண்டு விலைக்கு, அலைக்கற்றையோடு சேர்த்து உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு ஏலமே வழி என்றானது. முறைகேடு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஏலத்தின் தொகையும் ஒரு மதில்தான். 2022 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்பனையானது. உங்கள் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி: அந்த ஏலத்தில் பொதுமக்களுக்குச் செல்பேசிச் சேவை தரும் எண்ணத்தோடு புதிதாக யார் வந்தார்கள்? ஒருவரும் இல்லை. இந்த விடைக்கு நான் ஹெர்ஃபிண்டால் எண்ணைவிட அதிக எடை தருவேன்.

அழைப்பு போய்ச் சேருகிறதா?

இதுதான் என் சொந்தத் துறை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாராளமயத்தின் உயிர் உரிமத்தில் இல்லை, இணைப்புப் புள்ளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நிறுவனத்தின் வலையமைப்பும் இன்னொன்றின் வலையமைப்பும் கைகோக்கும் இடத்தை இணைப்புப் புள்ளி என்போம். பழைய முறையில் அங்கே ஈ1 என்ற தடங்கள் இருக்கும். ஒரு தடத்தில் ஒரே நேரத்தில் 30 பேச்சு வழிகள். புதிதாக வந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருக்கும் நிறுவனம் பத்துத் தடம் கொடுத்தால், அந்தப் புள்ளி வழியாக ஒரே சமயத்தில் 300 பேர் பேசலாம். முந்நூற்று ஒன்றாவது ஆளுக்கு, தடத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் உபயோகத்தில் இருப்பதாகப் பதிவுசெய்த குரல் சொல்லும். வாடிக்கையாளர் யாரைத் திட்டுவார்? தன் புதிய சிம் கம்பெனியைத்தான். தடத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கும் பழைய கம்பெனியின் பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது. சந்தையில் பெரியவராக இருப்பவர் சின்னவரை முடக்க விலையைத் தொடவே வேண்டாம். துறைமுகத்தை வைத்திருப்பவர் பக்கத்து ஊர்ப் படகுக்கு நங்கூரமிட இடம் தராமல் இருப்பதைப் போல, தடத்தைத் தாமதித்தாலே போதும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவையைத் தொடங்கியபோது இந்தச் சண்டை நாடறிய நடந்தது. போதிய இணைப்புப் புள்ளிகள் தரப்படவில்லை, கோடிக்கணக்கான அழைப்புகள் தோற்கின்றன என்றது ஜியோ. இலவச அழைப்பு என்று சொல்லி ஒருபக்கமாக வெள்ளம்போல அழைப்புகளைத் தள்ளுகிறார்கள் என்றார்கள் மற்றவர்கள். இணைப்புப் புள்ளியில் நெரிசல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் தடைபடக் கூடாது என்பது டிராயின் அளவுகோல். அந்த அளவு மீறப்பட்டதைக் காட்டி, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் 2016 அக்டோபரில் பரிந்துரைத்தது. அரசுத் துறையிலிருந்து கேட்பு நோட்டீஸ் போனது 2021இல். ஐந்து ஆண்டுகளில் ஒரு சந்தையே தலைகீழாகிவிடும். அபராதத் தொகையைப் போலவே அது வந்து சேர எடுத்த காலத்தையும் குறித்துவையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2018 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த இடையிணைப்பு விதிமுறை, இணைப்பு கேட்டால் 30 நாட்களுக்குள், பாகுபாடில்லாமல், ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. சேவைத் தர அறிக்கைகளில் இணைப்புப் புள்ளி நெரிசல் என்ற நெடுவரிசையைத் தேடி, உங்கள் வட்டத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 0.5ஐ நெருங்கிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை.

இணைப்புக்கு இன்னொரு முகம் உண்டு: பணம். உங்கள் அழைப்பை எதிர்முனையில் முடித்துத் தருவதற்கு உங்கள் நிறுவனம் அந்த நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் கொடுத்துவந்தது. 2003இல் இந்த முறை நடைமுறைக்கு வந்ததால்தான் வருகிற அழைப்பு இலவசமானது. கூலித் தொழிலாளியும் சட்டைப் பையில் செல்பேசி வைத்துக்கொள்ள முடிந்தது அதற்குப் பிறகுதான். 2004இல் நிமிடத்துக்கு 30 பைசா. 2009இல் 20, 2015இல் 14, 2017 அக்டோபரில் 6. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஒவ்வொரு குறைப்பிலும் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். வெளியே அதிகம் அழைக்கும் புதிய நிறுவனத்துக்கு லாபம். அழைப்பை அதிகம் வாங்கும் பழைய நிறுவனத்துக்கு நஷ்டம். அழைக்கவே காசில்லாமல் அழைப்பை வாங்க மட்டும் செல்பேசி வைத்திருந்த ஏழை வாடிக்கையாளரைப் பராமரிக்க இந்தக் கட்டணம்தான் வருமானம் தந்தது. அது பூஜ்யமான பிறகு, ரீசார்ஜ் செய்யாத சிம்மைத் துண்டிக்க வேண்டும் என்ற அவசரம் நிறுவனங்களுக்கு வருவது இயல்பு. ஒழுங்குமுறை முடிவு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் தட்டில் வைக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

வெளியேறும் வழியைச் சோதியுங்கள்

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. வட்டம் விட்டு வட்டம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றானது 2015 ஜூலையில்.

சோதிக்கும் வழி எளிது. உங்கள் குழுவில் யாராவது உண்மையிலேயே மாற விரும்பினால் அவர்களோடு உட்காருங்கள். 'போர்ட்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்ப வேண்டும். தகுதி இருந்தால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். பெரும்பாலான வட்டங்களில் அது நான்கு நாட்கள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலை முதல், சிம்மை மாற்றி வாங்கி ஏழு நாட்கள் ஆகாதவர்களுக்குக் குறியீடு கிடையாது. மோசடியைத் தடுக்க வந்த விதி இது, நியாயமானது. ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடிய வேண்டும், வேறு வட்டம் என்றால் ஐந்து. குறியீடு கேட்ட நேரம், வந்த நேரம், நடுவே வந்த சமாதான அழைப்புகள், அவற்றில் வாயால் சொல்லப்பட்ட சலுகைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இணையதளத்தில் இல்லாத விலை, போகிறேன் என்று சொன்னவருக்கு மட்டும் கிடைத்தால், அதுவே ஒரு சான்று.

மாதாந்திர அறிக்கையில் வட்டவாரியாக எண் மாற்றக் கோரிக்கைகளின், தொடக்கத்திலிருந்து சேர்ந்துவந்த மொத்தமும் இருக்கும். இந்த மாதத்திலிருந்து போன மாதத்தைக் கழித்தால், ஒரு மாதத்தில் எத்தனை பேர் மாற முயன்றார்கள் என்று தெரியும். நாடளவில் இது சமீப ஆண்டுகளில் மாதம் ஒரு கோடிக்கு மேல். மாறுகிறவர்கள் இருக்கும் வரை நிறுவனங்களுக்கு அச்சம் இருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு பலவீனம் உண்டு. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் வலையமைப்பு முடங்கியபோது அது எல்லோர் கண்ணிலும் பட்டது. குறியீடு குறுஞ்செய்தியாகத்தான் வர வேண்டும், சிக்னலே இல்லை. வெளியேறும் சீட்டைக் கையில் வைத்திருந்ததே மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனம். வங்கிக் கணக்கும் அரசு மானியமும் எண்ணோடு பிணைந்திருந்தவர்கள் தவித்த தவிப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு நிறுவனம் தள்ளாடுகிறது என்று வருவாய் எண்கள் சொல்லத் தொடங்கினால், குடும்பத்தின் முக்கிய எண் எதில் இருக்கிறது என்று உடனே பாருங்கள்.

விலைகள் ஒன்றாக நகர்கின்றனவா?

இந்தியாவில் செல்பேசிக் கட்டணத்தைப் பெரும்பாலும் டிராய் நிர்ணயிப்பதில்லை. போட்டி பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. ஆகவே விலை உயர்வின் தேதிகள் முக்கியம். 2024 ஜூன் 27 அன்று ஜியோ உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜூலை 3, 4 தேதிகளில் எல்லாம் நடைமுறைக்கு வந்தன. 28 நாள் அடிப்படைத் திட்டம் ஜியோவில் 155லிருந்து 189 ரூபாய். மற்ற இரண்டிலும் 179லிருந்து 199. 2019 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும்கூட உயர்வுகள் இப்படி அடுத்தடுத்தே வந்தன.

ஒன்றாக உயர்ந்தது என்பதாலேயே கூட்டுச்சதி என்று எழுதிவிடாதீர்கள். சட்டத்துக்கு உடன்பாடு இருந்ததற்கான சான்று வேண்டும். தனியார் விற்பவர்கள் மூவராகச் சுருங்கிய சந்தையில், ஒருவர் ஏற்றினால் மற்றவர் பார்த்து ஏற்றுவது பேசிக்கொள்ளாமலே நடக்கும். நான் கவனிக்கச் சொல்வது வேறு: உயர்வுக்குப் பிறகு யாராவது பழைய விலையிலேயே நின்று வாடிக்கையாளரை இழுக்கப் பார்த்தார்களா? 2024இல் அப்படி நின்றது பி.எஸ்.என்.எல். அடுத்த சில மாதங்களில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறியது. மற்ற மூன்றும் இழந்தன. அந்த மாதங்களின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், ஒரு பாடமே அதில் இருக்கிறது. வலையமைப்பின் தரமும் கூட வந்திருந்தால் அந்த ஏற்றம் நிலைத்திருக்கும். அரசு நிறுவனத்தை நட்டக் கணக்காக மட்டும் பேசுகிறவர்கள் இந்த வேலையை அது செய்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திட்டங்களின் அமைப்பையும் பாருங்கள். 28 நாளை மாதம் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். குறைந்தது ஒரு 30 நாள் திட்டமும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டமும் தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் ஆணையிட்டது. டேட்டா வேண்டாத முதியவர்களுக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் என்ற விதி 2024 டிசம்பரில் வந்தது. இவை உங்கள் நிறுவனத்தின் செயலியில் முதல் திரையிலேயே தெரிகின்றனவா, தேடித் தோண்ட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவரிடம் எழுதுங்கள்

இவ்வளவும் திரட்டிய பிறகு அதை டிராய்க்கு அனுப்புங்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிராய் தனிநபர் புகார்களைத் தீர்க்காது. உங்கள் பில் தகராறுக்கு நிறுவனத்தின் புகார் மையம், அங்கே பதிவு எண், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம்; தொலைபேசி வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

டிராயிடம் போக வேண்டியது கொள்கை விவகாரம். 1997இல் அமைந்த இந்த ஆணையத்துக்கு எல்லாவற்றிலும் ஒரே பலம் கிடையாது. இணைப்பு, கட்டணம், சேவைத் தரம் ஆகியவற்றில் அது போடும் ஆணை கட்டுப்படுத்தும். உரிமத்திலும் அலைக்கற்றையிலும் அது பரிந்துரை மட்டுமே செய்யும், முடிவு அரசுடையது. அந்த அரசே பி.எஸ்.என்.எல்.லின் உரிமையாளர், அலைக்கற்றையை விற்பவர். 2025 ஏப்ரலில் 36,950 கோடி ரூபாய் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டதால் வோடஃபோன் ஐடியாவில் சுமார் 49 சதவீதம் வைத்திருப்பவரும் அதுவே. நான்கில் ஒரு நிறுவனம் மூழ்காமல் காக்கப்பட்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆட்டக்காரராகவும் விதி எழுதுபவராகவும் ஒருவரே இருக்கும்போது, சுதந்திரமான நடுவரின் தேவை கூடுகிறது. டிராயின் ஆணையை எதிர்த்து, தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டி.டி.சாட் தீர்ப்பாயத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். போட்டி ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். 2016 இணைப்புத் தகராறில் அது விசாரணைக்கு உத்தரவிட்டபோது, தொழில்நுட்ப விவகாரத்தை முதலில் டிராய் தீர்மானிக்கட்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, முதல் வாசல் டிராய்தான்.

ஒரு விதியைக் கொண்டுவருவதற்கு முன் டிராய் ஆலோசனைத் தாள் வெளியிடும். கருத்துச் சொல்ல வழக்கமாக நான்கு வாரம், மற்றவர் கருத்துக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம். தாளின் கடைசியில் கேள்விகள் எண்ணிட்டு இருக்கும். அந்த எண்ணைப் போட்டு, அதற்கு நேரே பதில் எழுதுங்கள். எல்லாக் கேள்விக்கும் எழுத வேண்டியதில்லை. 2015இல் இணையச் சமவாய்ப்புக்காக, அதாவது எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் ஒரேபோல நடத்த வேண்டும் என்பதற்காக, பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் போயின; அந்த எழுச்சிக்குப் பலன் கிடைத்தது. 2016 பிப்ரவரியில் தரவுக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதி வந்தது. ஆனால் அதற்கிடையே ஃபேஸ்புக் வழியாக அச்சடித்தாற்போல வந்த லட்சக்கணக்கான கடிதங்கள் தாளில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று டிராய் சுட்டிக்காட்டியது. ஆகவே பிறர் எழுதித் தந்ததில் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள்.

பதிலை இப்படி எழுதச் சொல்வேன்: முதல் வரியில் உங்கள் விடை. அடுத்து உங்கள் வட்டத்தின் எண்கள், எந்த மாத அறிக்கையிலிருந்து எடுத்தவை என்ற குறிப்போடு. அடுத்து நீங்கள் நேரில் கண்டது: எண் மாற்றத்துக்கு ஆன நாட்கள், தேடியும் கிடைக்காத திட்டம், சிக்னல் இல்லாத கிராமத்தின் பெயர். கடைசியாக, எந்த விதியில் என்ன மாற்றம் வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நிறுவனங்கள் அனுப்பும் கருத்துகளும் டிராய் தளத்தில் வெளியாகும். பதில் கருத்துக்கான இரண்டு வாரத்தை வீணாக்காமல் அவற்றைப் படியுங்கள். நான்கும் எந்தக் கேள்வியில் ஒரே குரலில் பேசுகின்றன என்று பார்த்தால், வாடிக்கையாளர் சார்பில் பேச ஆளில்லாத இடம் அதுதான் என்று புரியும். உங்கள் பதில் கருத்தை அந்தக் கேள்விக்கே செலவிடுங்கள்.

பிறகு திறந்த விவாதக் கூட்டம் அறிவிப்பார்கள். பெயர் பதிந்து கலந்துகொள்ளலாம். இறுதி ஆணை வரும்போது அதன் பின்னிணைப்பான விளக்கக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள். உங்கள் வாதத்தை ஏற்றார்களா, மறுத்தார்களா, மறுத்தால் என்ன காரணம் என்பது அதில் இருக்கும். காரணமே சொல்லாமல் கடந்திருந்தால், அடுத்த ஆலோசனைத் தாளுக்கான பதிலில் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு அதே கேள்வியை மறுபடி வையுங்கள்.